பற்றாத அடுப்பு

நெருப்பு மூட்டுவதுதான் மனித ஜாதி ஆதியில் கற்ற வித்தைகளில் தலைசிறந்தது என்று சொல்லுவார்கள். அந்த வித்தையில், அமெரிக்கச் சர்வகலாசாலை ஒன்றில் எஞ்சினீயர் பட்டம் பெற்ற ஒருவரும், பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் பௌதிக சாஸ்திரம் போதித்து வரும் ஒருவரும் கூட்டாகச் சேர்ந்து தோற்றுப் போக முடியும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் கண்ணாரக் கண்டேன். முதலாமவர் என் தங்கையின் கணவர். இரண்டாமவர் யார் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

சம்பவம் நடந்த இடம் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்திலுள்ள எடிசன் என்னும் ஊர். மின்சார விளக்கை உலகத்துக்கு வழங்கிய தாமஸ் ஆல்வா எடிசனின் மென்லோ பார்க் ஆராய்ச்சிசாலை இந்த ஊரின் எல்லைக்குள்தான் இருந்தது. அதனாலேயே 1954-ல் ஊருக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு சிறு மின்சாரப் பொறி கிளம்ப மறுத்தது என்றால் அதை என்னவென்று சொல்வது!

நாள், மே மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை. மெமோரியல் டே என்று அதற்குப் பெயர். யுத்தங்களில் உயிர் நீத்த வீரர்களை நினைவு கூரும் நாள். அமெரிக்காவின் உள்நாட்டு யுத்தம் ஓய்ந்த பிறகு 1868-ல் மே 30-ந் தேதி அனுஷ்டிக்கப்பட்டது. 1971 முதல் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை என்று நிர்ணயமாயிற்று. காலையில் ஜனங்கள் கல்லறைகளில் சிறு சிறு கொடிகளை நட்டு வணங்குகிறார்கள். மாலையில் கொல்லைப்புறத்தில் கரி அடுப்பை மூட்டி உற்றார் உறவினரோடு விருந்து சாப்பிடுகிறார்கள். இது என்ன பொருத்தம் என்று என் தங்கையைக் கேட்டேன். "நம் ஊரில் திதி கொடுத்துவிட்டு வடை பாயசத்தோடு சாப்பிடுகிறோமே, அது மட்டும் என்ன பொருத்தம், அண்ணா?" என்று கேட்டாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

அந்தக் கரி அடுப்பைக் கொஞ்சம் வர்ணிக்க வேண்டும். நம் வீடுகளில் முன்பு கும்மட்டி அடுப்பு என்று ஒன்று இருந்தது. என் தாயார் தேங்காய் நாரைக் கொளுத்தி, மேலே கரியைப் பரப்பி, பனையோலை விசிறியால் விசிறி அதைக் கனிய வைப்பார். அமெரிக்கருடைய கிரில் அடுப்பு அந்தக் கும்மட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு பெரிய இரும்பு வாணலிக்கு மூன்று கால் வைத்து, இன்னொரு வாணலியைக் கவிழ்த்து மூடியாக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். அடியில் காற்றுத் துளைகள். அவற்றைத் திறந்து மூட ஒரு பிடி. உள்ளே கரி பரப்ப ஒரு தட்டி. அதற்கு மேல் கோழிக் கறியோ சோளக் கதிரோ கத்திரிக்காயோ வாட்டுவதற்கு இன்னொரு தட்டி.

கரியும் நம் ஊர் மரக்கரி அன்று. தலையணை வடிவத்தில் அச்சுப் பிடித்த கரிக்கட்டிகள். இதைப் பெருவாரியாகப் பரப்பியவர் மோட்டார் வண்டி மன்னர் ஹென்றி போர்டு. 1920-களில் அவருடைய வண்டிகளில் மரச் சாமான் ஏராளமாக இருந்தது. மிச்சிகன் மாகாணத்து மர ஆலையில் குவிந்த கழிவு மரத்தை எரித்துக் கரியாக்கி, மாவுப் பசை சேர்த்துக் கட்டியாக அழுத்தி, தம் மோட்டார் வண்டி விற்பனையாளர்கள் மூலமாகவே விற்றார். கழிவிலும் காசு பார்த்த அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அச்சுப் பிடித்த கரி சுலபத்தில் பற்றாது. எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் உணவில் எண்ணெய் நாற்றம். ஆகவே, பிற்காலத்தில் ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கரி அடுப்புக்குள்ளேயே ஒரு சிறு காஸ் பர்னரை வைத்துவிட்டால் என்ன? காஸ் ஐந்து நிமிஷம் எரியட்டும். கரி கனன்றதும் காஸை மூடிவிட்டால் போகிறது!

கேட்பதற்கு ரொம்ப நன்றாயிருக்கிறது. அடுப்பின் பக்கத்தில் ஒரு பவுண்டு புரொப்பேன் வாயு அடைத்த சிறு சிலிண்டர். அதிலிருந்து ஒரு குழாய் கரித் தட்டிக்கு அடியில் செல்கிறது. குழாயில் வரிசையாகச் சிறு துவாரங்கள். ஓர் ஓரத்தில் இக்னைட்டர் என்னும் பொறிக் கருவி. வெளியே சிவப்புப் பொத்தான். திருகைத் திறந்து பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று சத்தம், பொறி, நெருப்பு. நம் சமையலறைகளில் காஸ் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர் எப்படி வேலை செய்கிறதோ அப்படியேதான் இதுவும்.

அந்த 'டக்' என்ற சத்தத்துக்குப் பின்னால் ஒரு நல்ல சரித்திரம் உண்டு. 1880-ல் பாரிஸ் நகரத்தில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற இரு சகோதரர்கள், சிலவகைப் படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டார்கள். (இந்தப் பியேர் கியூரிதான் பிற்காலத்தில் மேரி கியூரி அம்மையாரின் கணவரானவர்.) இப்போது படிகத்துக்குப் பதில் ஈயம், ஸிர்க்கோனியம், டைட்டானியம் கலந்து சுட்ட ஒருவகைப் பீங்கானை உபயோகிக்கிறார்கள். பொத்தானை அழுத்தும்போது சுருள் வில்லில் கட்டிய ஒரு குட்டிச் சுத்தியல் அந்தப் பீங்கான் துண்டின் தலையில் ஓங்கி அடிக்கிறது. ஒரு கணத்துக்குப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் பிறக்கிறது. அளவு மிகக் கொஞ்சமாகையால் ஆளைக் கொல்லாது. ஆனால் சில மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி ஒரு நீலப் பொறியாகப் பாயும். பாட்டரி வேண்டாம், கம்பத்து மின்சாரம் வேண்டாம்.

இந்த விவரங்களையெல்லாம் அந்தத் திங்கட்கிழமை நான் என் மருமகளுக்கு வெகு உற்சாகமாகப் போதித்துக் கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்பது வயது. மாப்பிள்ளை குனிந்து பொத்தானை அழுத்திக் கொண்டிருந்தார். டக். டக். டக்.

"மச்சான், சத்தம் வருகிறது; நெருப்பு வரவில்லை" என்றார்.

"சத்தம் வந்தால் பீங்கான் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் நாலு தடவை அழுத்திப் பாருங்கள்" என்றேன் நான்.

என் வாழ்நாளில் நான் சொன்ன யோசனைகளில் இதைவிட மோசமானது வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை. காஸ் திறந்தபடியே இருந்தது. குழந்தை எட்டிப் பார்த்து, "மாமா, அழுகின முட்டை மாதிரி நாறுகிறது" என்றாள். "காஸ் அப்படித்தான் நாறும், அம்மா" என்று ஒரு பாண்டித்தியமான பதிலைச் சொன்னேன். அதே சமயத்தில் தங்கை உள்ளேயிருந்து சோளக் கதிரை வாங்கிக்கொண்டு போகும்படி அவளைக் கூப்பிட்டாள். குழந்தை நாலு எட்டு வைத்திருப்பாள். மாப்பிள்ளை ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ அழுத்தினார். 'பக்' என்று ஒரு சப்தம். வாணலி நிறைய நீல ஜ்வாலை எழுந்து, ஒரு கணம் நின்று, அடங்கியது.

தெய்வாதீனமாகப் பெரிய காயம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் இடது புருவமும், நெற்றியில் விழுந்திருந்த கொஞ்சம் மயிரும், முன்கையின் ரோமமும் பொசுங்கிப் போயின. முகம் சிவந்திருந்தது. ஓடிப்போய்க் குழாய் நீரை வெகுநேரம் விட்டுக் கொண்டார். நான் கையில் கரிப் பையோடு மரம் போல் நின்றேன். தங்கை வந்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே அடுப்புக்குப் பக்கத்தில் போய்த் திருகை மூடினாள். பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதை முதலில் செய்திருக்க வேண்டாமா, அண்ணா?" என்றாள்.

செய்திருக்க வேண்டும். அடுப்போடு வந்த சிறு புத்தகத்திலும் அதைத்தான் அச்சிட்டிருந்தார்கள். அந்தப் புத்தகம் உறை பிரிக்கப்படாமல் மேஜை இழுப்பறையில் சௌக்கியமாக இருந்தது. மூடியைத் திறந்து வை. அடிக் காற்றுத் துளைகளைத் திறந்து வை. திருகைத் திறந்து பொத்தானை அழுத்து. ஐந்து விநாடிக்குள் பற்றாவிட்டால் காஸை மூடு. ஐந்து நிமிஷம் காத்திரு. இவ்வளவுதான். ஐந்து விநாடி எதற்கு, ஐந்து நிமிஷம் எதற்கு என்று புரிந்துகொண்டால் யாரும் அதை மீற மாட்டார்கள்.

புரொப்பேன் வாயு காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனம். திறந்துவிட்டால் புகை போல் மேலே போய்விடும் என்று நாம் மனத்தில் நினைத்துக் கொள்கிறோம். அது அப்படிச் செய்வதில்லை. தண்ணீர் மாதிரி பள்ளத்தை நாடிப் போய்த் தேங்குகிறது. கரி அடுப்போ பார்வைக்கும் வாணலி, குணத்துக்கும் வாணலி. அடித் துளைகள் திறந்திருந்தால் தேங்கிய வாயு அவற்றின் வழியே வடிந்துவிடும். மாப்பிள்ளையின் அடுப்பில் மழைக்காலத்துக்கும் பனிக்காலத்துக்குமாக அவற்றை மூடி வைத்தது, மூடினபடியே இருந்தது. போதாததற்குப் பழைய சாம்பல் வேறு அடைத்துக் கொண்டிருந்தது. காற்றில் புரொப்பேன் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஒன்பதரைப் பங்கு வரையில் பிடிக்கும். ஐந்து விநாடி காஸில் எழுவது ஒரு சிறு ஜ்வாலை. ஒன்றரை நிமிஷத்துக் காஸில் எழுவது, நாங்கள் பார்த்தது.

குழந்தை சொன்ன அழுகின முட்டை நாற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது காஸின் சொந்த நாற்றம் அன்று. நான் சொன்ன பாண்டித்தியமான பதில் அந்த வகையிலும் தப்பு. புரொப்பேனுக்கு இயற்கையில் வாசனை கிடையாது; மெர்காப்டன் என்னும் கந்தக வஸ்துவை வேண்டுமென்றே துளி சேர்க்கிறார்கள். அந்தத் துளி நாற்றத்துக்கு மனித ஜாதி கொடுத்த விலை பெரிது. டெக்ஸாஸ் மாகாணத்தில் நியூ லண்டன் என்று ஓர் ஊர். எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் கொழித்த பிரதேசம். அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் செலவைக் குறைப்பதற்காக, எண்ணெய்க் கிணற்றுக் குழாயிலிருந்து வீணாகப் போகும் காஸை இழுத்துக் கட்டிடத்தைச் சூடு செய்து வந்தார்கள். அந்தக் காஸுக்கு நாற்றமில்லை. எங்கோ கசிந்து, கட்டிடத்துக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில் நிறைந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. 1937-ம் வருஷம் மார்ச் 18-ந் தேதி, பள்ளி விடுவதற்குச் சில நிமிஷங்களே இருந்த பிற்பகல் வேளையில், கைத்தொழில் வகுப்பில் ஒரு மின்சார யந்திரத்தை முடுக்கினார்கள். ஒரு பொறி. ஏறக்குறைய 300 பேர் மாண்டு போனார்கள்; பெரும்பாலோர் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் காஸில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று டெக்ஸாஸில் சட்டம் பிறந்தது. மற்ற இடங்களுக்கும் பரவியது. நானும் வகுப்பில் நிற்கிறவன். அந்தப் பள்ளிக்கூடத்துக் கதையை முன்பே படித்தவன். படித்திருந்தும், நாற்றத்தை முதலில் சொன்னது குழந்தைதான்.

அன்று சாயங்காலம் மழை தூறியபோது, அடுப்பை மோட்டார்க் கொட்டகைக்குள் தள்ளி வைத்துக்கொண்டு மூட்டலாமா என்று மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். கரி கனலும்போது வெளிவரும் கார்பன் மோனாக்ஸைடு விஷவாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. அதில் யாரும் நாற்றம் கலந்து வைக்கவும் இல்லை. தங்கை அந்த யோசனையை ஒரே பார்வையில் நிராகரித்துவிட்டாள். அன்றைய விருந்து தோசைக் கல்லில் முடிந்தது.

மறுநாள் அடுப்பைச் சோதித்தோம். இந்தத் தடவை ஒழுங்காக.

பற்றாத காஸ் அடுப்பில் கோளாறு இரண்டே இடங்களில்தான் இருக்க முடியும். காஸ் வரவில்லை; அல்லது பொறி வரவில்லை. எது என்று கண்டுபிடிக்க ஒரு நீளமான தீக்குச்சி போதும். ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். மூடியும் அடித் துளைகளும் திறந்திருக்க, முகத்தை அப்பால் வைத்துக்கொண்டு, முதலில் குச்சியைக் கிழித்து பர்னருக்குப் பக்கத்தில் நீட்ட வேண்டும். அதற்குப் பிறகு காஸைத் திறக்க வேண்டும். நெருப்பு முன்னே, காஸ் பின்னே. குச்சியினால் நன்றாகப் பற்றி எரிந்தால் காஸ் நிரபராதி, குற்றவாளி பொறி. குச்சிக்கும் பற்றாவிட்டால் சிலிண்டர் காலியா, திருகுமறை சரியாக ஏறியிருக்கிறதா, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலிண்டரைக் கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இணைப்பில் கசிவு உண்டா என்று அறிய, சோப்பு நுரையைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பது உத்தமம். நெருப்பைக் காட்டிக் கசிவைத் தேடுகிறவர்களும் உண்டு. அவர்கள் எங்களைவிடத் தைரியசாலிகள்.

எங்கள் அடுப்பில் குச்சி வைத்தபோது ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. பர்னரில் பாதி எரிந்தது; பாதி எரியவில்லை. இக்னைட்டர் இருக்கும் ஓரத்துப் பாதிதான் எரியவில்லை. அதாவது எங்களுக்கு ஒரு கோளாறு அன்று, இரண்டு வாய்த்திருந்தன. ஒன்றை ஒன்று மறைத்துக் கொண்டிருந்தன. பொறியை மட்டும் சரி செய்திருந்தால் அந்தப் பக்கம் காஸ் இராது. காஸை மட்டும் சரி செய்திருந்தால் பொறி இராது. வைத்தியர்கள் இரட்டை வியாதிக்காரனைக் கண்டு ஏன் பெருமூச்சு விடுகிறார்கள் என்பது அப்போது விளங்கிற்று.

திருகை மூடி, சிலிண்டரைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு, அடுப்பு ஆறிய பிறகு பொறியை ஆராய்ந்தோம். வெளிச்சத்தில் பொறி கண்ணுக்குத் தெரியாது. மாலை மங்கிய பிறகு, ஒரு கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு பழைய காலத்துப் போட்டோக்காரர் மாதிரி குனிந்து பார்த்தேன். மாப்பிள்ளை பொத்தானை அழுத்தினார். பொறி வந்தது! ஆனால் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. பீங்கான் உறையின் மேல் படிந்த அழுக்கின் வழியாக ஊர்ந்து, பக்கத்திலிருந்த தகட்டுக்குள் மறைந்தது. பத்து அழுத்தலில் ஒன்று மட்டும் நேராக பர்னர் பக்கம் பாய்ந்தது. முதல் நாள் புருவத்தைத் தின்றது அந்த ஒன்றுதான்.

இந்த ஊர்தலுக்குக் காரணம் சாம்பல். தனிக் காஸ் அடுப்புக்கு இல்லாத பெரிய சத்துரு கரி அடுப்பிலுள்ள காஸ் பர்னருக்கு உண்டு. அதன் தலையிலேயே தினமும் சாம்பல் மழை பொழிகிறது. மரச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் உப்பு இருக்கிறது. நம் பாட்டிமார்கள் சாம்பலைக் கொண்டு பாத்திரம் துலக்கியபோது எண்ணெய்ப் பிசுக்கு போனதற்கு அந்த உப்பும் ஒரு காரணம். 1807-ல் ஹம்ப்ரி டேவி பொட்டாசியம் என்னும் உலோகத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது காஸ்டிக் பொட்டாஷ் என்னும் காரத்திலிருந்தே. இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமான உப்பு மின்சாரத்துக்கு நல்ல பாதை. பனிக்காலம் முழுவதும் கொல்லையில் கிடந்த அடுப்பில், பீங்கானைச் சுற்றிச் சாம்பலும் கொழுப்பும் ஈரமும் சேர்ந்து ஒரு களிம்பாகப் படிந்திருந்தன. வரப்பில் நண்டு வளை இருந்தால் மடை திறந்தும் என்ன பிரயோஜனம்? தண்ணீர் வளை வழியாகப் போய்விடும். மின்சாரமும் அப்படியே போயிற்று.

சாம்பலை மென்மையான தூரிகையால் தட்டி, பீங்கானை ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு நாள் வெயிலில் காயவிட்டோம். பீங்கானில் மயிரிழை போல் விரிசல் இருந்தால் துடைத்துப் பயனில்லை. அதன் வழியாகவே பொறி நழுவும். மாற்றித்தான் ஆக வேண்டும். எங்களுடையதில் விரிசல் இல்லை. பொத்தானிலிருந்து வரும் கம்பியின் முனையில் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து மறுபடியும் செருகினோம். மின்முனைக்கும் பர்னருக்கும் உள்ள இடைவெளி மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. அதிகமானால் பொறி தாண்டாது. ரொம்பக் குறைந்தால் பொறி மெலிந்து காஸைப் பற்றவைக்காது. அதை நேராக்குகிறேன் பேர்வழி என்று குறடு போட்டுப் பீங்கானை உடைப்பவர்கள் அதிகமாம். கையால் மெல்ல வளைத்தாலே போதும்.

இனி, காஸ் வராத பாதி. குழாயைக் கழற்றி வெளியே எடுத்தோம். சில துவாரங்களில் சாம்பல் அடைப்பு. அதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பாராதது குழாயின் வாய்க்குள் இருந்தது. வெண் பட்டுப் பஞ்சு போல ஒரு சிலந்திக் கூடு! மாப்பிள்ளை சிரித்தார், எனக்கும் முதலில் தற்செயல் என்றே தோன்றியது. ஆனால் காஸ் அடுப்புக் குழாய்களில் சிலந்தி கூடு கட்டுவது அமெரிக்காவில் ஊரறிந்த விஷயமாம். சிறு புத்தகத்தில் அதற்கென்று ஒரு தனிப் பக்கமே இருந்தது. அங்கே மஞ்சள் நிறமான ஒருவகைச் சிலந்திக்குப் பெட்ரோல் வாசனையில் ஒரு மோகம் உண்டு. அந்தச் சிலந்தி பெட்ரோல் தொட்டியின் காற்றுக் குழாயில் கூடு கட்டுகிறது என்பதற்காக மஸ்தா மோட்டார்க் கம்பெனியார் 2011-ல் ஒரு தடவையும், 2014-ல் இன்னொரு தடவை சுமார் 42,000 வண்டிகளையும் திருப்பி வரவழைத்துச் சரி செய்ய நேர்ந்தது. ஒரு சிலந்தி நாற்பதினாயிரம் மோட்டார் வண்டிகளை வழியில் நிறுத்தியிருக்கும்போது ஒரு கரி அடுப்பு எம்மாத்திரம்!

சிலந்திக் கூடு வேடிக்கை மாத்திரம் அன்று. குழாயின் அந்த வாயில்தான் காஸும் காற்றும் கலந்து உள்ளே போகின்றன. அங்கே அடைப்பு ஏற்பட்டால் காஸ் முன்னே போக வழியில்லாமல் பின்னே வழிந்து, திருகுக்கு அருகிலேயே, அதாவது திருப்புகிறவரின் கைக்கு அருகிலேயே, தீப்பிடிக்கக் கூடும். ஆகவே, நெடுநாள் சும்மா கிடந்த அடுப்பை மூட்டுமுன் அந்த வாயை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது அவசியம். புட்டி கழுவும் நீண்ட தூரிகையால் கூட்டை இழுத்தெடுத்தோம். துவாரங்களை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தோம். துளைக்கும் யந்திரத்தை மாப்பிள்ளை எடுத்து வந்தார், நான் தடுத்துவிட்டேன். துவாரம் பெரிதானால் ஜ்வாலையும் தாறுமாறாகும். முன் தினம் கெட்ட யோசனை சொன்னவனாகையால் இந்த நல்ல யோசனையைக் கொஞ்சம் பணிவாகவே சொன்னேன்.

அடுப்பைச் செய்த கம்பெனியின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லவும் நியாயமில்லை. அவர்கள் மேல் குற்றம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். என் மனத்தில் உறுத்தியது வேறு. நம் தேசத்திலும் இப்போது வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு. பொத்தானைத் திருகினால் தானே பற்றும் அடுப்புகளும் சகஜமாகிவிட்டன. பற்றவில்லை என்றால் மறுபடியும் மறுபடியும் திருகுகிறோம். என் வீட்டில் நானே செய்திருக்கிறேன். நம் சிலிண்டரில் உள்ள காஸும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்ததே; காற்றைவிடக் கனமானதே; சமையலறைத் தரையில் தேங்குவதே. கரி அடுப்பாவது கொல்லைப்புறத்தில் ஆகாயத்தைப் பார்த்துக் கொண்டிருந்தது. நம் சமையலறைக்குக் கூரை இருக்கிறது.

அமெரிக்கருக்குள்ளேயே இந்தப் பொத்தான் விவகாரத்தை வெறுக்கும் ஒரு கட்சி இருக்கிறது. அவர்கள் அடியும் தலையும் திறந்த ஒரு தகர உருளையை உபயோகிக்கிறார்கள். உள்ளே பாதியில் ஒரு கம்பித் தட்டு. கீழே கசக்கிய பழைய பத்திரிகைக் காகிதம், மேலே கரிக்கட்டி. காகிதத்தில் ஒரு தீக்குச்சி வைத்தால், உருளை புகைபோக்கி மாதிரி காற்றை இழுத்து, பதினைந்து இருபது நிமிஷத்தில் கரியெல்லாம் கனன்றுவிடுகிறது. காஸ் இல்லை, கம்பி இல்லை, சிலந்திக்கும் வேலையில்லை. என் தாயாரின் தேங்காய் நாருக்கும் விசிறிக்கும் இது வெகு கிட்டின உறவு. பக்கத்து வீட்டுக் கிழவர் தம்முடையதை எங்களுக்கு இரவல் கொடுத்தார். கொடுக்கும்போது மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

ஆனால் மாப்பிள்ளை விடவில்லை. சனிக்கிழமை மாலை மறுபடியும் அடுப்பை வெளியே தள்ளினார். மூடி திறந்தது, அடித் துளைகள் திறந்தன. குழந்தையைப் பத்தடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "நாற்றம் வந்தால் உடனே சொல்ல வேண்டியது உன் உத்தியோகம்" என்றேன். அவள் அதை மிகுந்த கௌரவத்தோடு ஏற்றுக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணவும் தொடங்கினாள். மாப்பிள்ளை திருகைத் திறந்து பொத்தானை அழுத்தினார். டக். மூன்று எண்ணுவதற்குள் குழாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரையில் நீல ஜ்வாலை சீராக ஓடியது. ஐந்து நிமிஷத்தில் கரி பற்றிக்கொண்டது, காஸை மூடினார், மூடியதைத் தங்கை வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

சோளக் கதிர் வெகு நன்றாக வெந்திருந்தது. மாப்பிள்ளையின் இடது புருவந்தான் நான் ஊருக்குப் புறப்படும் வரையில் முளைக்கவில்லை.